இரண்டு ஊருக்கும் நடுவே ராஜதுரை

முத்துமணியை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்ற சேதி கருக்குவிளைக்கு வந்தபோது அவன் மனைவி சண்முகத்தாய் பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். மகள் செல்வலட்சுமி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். யாரோ ஓடிவந்து வாசலில் நின்று மூச்சு வாங்கினார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது சண்முகத்தாய்க்கு இன்றுவரை நினைவில்லை. களி அடிப்பிடித்த வாடை மட்டும் நினைவிருக்கிறது.

சண்டைக்கும் முத்துமணிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதில் கருக்குவிளைப் பையன்களுக்கும் சூசையப்பர்துறைப் பையன்களுக்கும் வாய்த்தகராறு. வாய்ப்பேச்சு கைகலப்பானது. அடுத்த நாள் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு ஊரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஒன்று பனையும் கருப்பட்டி வியாபாரமுமாகப் பிழைக்கிற ஊர், மற்றது கடற்கரையில் வலையும் மீனுமாகப் பிழைக்கிற ஊர். நடுவில் கொஞ்சம் செம்மணல் தேரியும் ஒரு தார்ரோடும்தான். முத்துமணி சைக்கிள் கடை வைத்திருந்தான். டயர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவனை, கருக்குவிளைக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக ஊர்ப்பாதை பிரிகிற விலக்கில் மறித்து வெட்டினார்கள்.

அன்று சாயங்காலமே கருக்குவிளையிலிருந்து ஆட்கள் அரிவாளோடு போனார்கள். கையில் அகப்பட்டவன் கஸ்பார். மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த மனுஷன். அவனுக்கும் அந்தச் சண்டை எதற்கு வந்தது என்று தெரியாது.

இரண்டு உடம்பும் தூத்துக்குடியில் ஒரே பிணவறைக்குப் போய்ச் சேர்ந்தன.

முத்துமணிக்கு ஒரே தம்பி ராஜதுரை. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப்போகிற தோணிகளில் சரக்குச் சரிபார்க்கிற வேலை. அதிகம் பேசமாட்டான். அண்ணனைக் கண்டால் பயமும் மயினி சண்முகத்தாயைக் கண்டால் கூச்சமும் உள்ள இளவட்டம். சேதி கேட்டதும் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடியவன், ராத்திரி முழுக்க அந்த வளாகத்திலேயே கிடந்தான். மறுநாள் மத்தியானம் அண்ணனின் உடம்பைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வேனில் ஏற்றினான்.

வேன் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் பிணவறைப் படியில் கைப்பிள்ளையோடு ஒருத்தி நிற்பதைப் பார்த்தான். கஸ்பாரின் மனைவி விக்டோரியா. அவள் ஊரிலிருந்து ஆண்பிள்ளை ஒருவர்கூட வரவில்லை. வந்தால் வழியில் வெட்டு விழும், தப்பி வந்தால் போலீஸ் பிடிக்கும். வேன்காரர்களோ சூசையப்பர்துறை என்ற பேரைக் கேட்டதும் கையை விரித்துவிட்டார்கள். அவள் ஒவ்வொருத்தர் முன்னாலும் போய் நின்று கேட்டுவிட்டு, பிறகு யாரிடமும் கேட்காமல் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

ராஜதுரை வேனை வேப்பமரத்து நிழலில் ஓரங்கட்டச் சொன்னான். துறைமுகத்துக்குச் சரக்கு அடிக்கிற டெம்போக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கெஞ்சிக் கூட்டிவந்தான். கஸ்பாரின் உடம்பை ஒரு பக்கம் தான் தூக்கி, மறுபக்கம் ஆஸ்பத்திரி ஆளைத் தூக்கச் சொல்லி ஏற்றினான். விக்டோரியாவையும் பிள்ளையையும் முன்னால் உட்காரவைத்து அனுப்பினான். அதுவரை முத்துமணி வெக்கையில் வேனுக்குள் கிடந்தான்.

கருக்குவிளையில் பந்தல் போட்டு ஊரே காத்திருந்தது. உடம்பு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று போலீஸ் அவசரப்படுத்தியது. பெரியவர்களும் அவசரப்பட்டார்கள். வீங்கிப்போன முகத்தை லேசாகத் திறந்து காட்டிவிட்டு மூடினார்கள். சண்முகத்தாய் அழுவதற்கு வாயைத் திறப்பதற்குள் தூக்கிவிட்டார்கள்.

ஏன் அவ்வளவு தாமதம் என்பது பிறகுதான் தெரிந்தது. வேன் டிரைவர் யாரிடமோ சொல்லி, அது பெண்கள் வழியாக அவள் காதுக்கு வந்தது. ராஜதுரை முற்றத்தில் நிற்கும்போது கேட்டாள்.

"கொழுந்தப்பிள்ள, வேன்காரன் சொல்லுதது நெசமா?"

"நெசந்தான் மயினி."

"அந்தப் பொணத்த ஏத்திவிட்டுட்டுத்தான் இங்கன வந்தியளா?"

"கைப்பிள்ளையோட நின்னுட்டிருந்தா மயினி. கூட யாருமில்ல."

"எனக்கு அவிய மொகத்த ஒழுங்காக் காட்டல. மேல விழுந்து அழ விடல. தூக்கு தூக்குன்னு தூக்கிட்டுப் போயிட்டாவ. அதெல்லாம் அவளுக்காகவா?"

ராஜதுரை தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்கு ஆத்திரம் தணிந்திருக்குமோ என்னவோ.

"நீ இனிமே எங்கிட்டப் பேசாத," என்றாள். அதுவரை அவள் அவனை நீ என்று சொன்னதே இல்லை.

இதோடு போயிருந்தால்கூடக் காலம் ஆற்றியிருக்கும். ஆனால் கஸ்பாரை வெட்டப் போனவர்களில் சண்முகத்தாயின் தம்பி வெள்ளத்துரையும் இருந்தான். மீசை சரியாக முளைக்காத வயசு. அத்தானின் ரத்தத்தைப் பார்த்த வெறியில், ஊர் கூப்பிட்டதும் போய்விட்டான். பிறகு தேரிக்காட்டுப் பனங்கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டான். போலீஸ் கருக்குவிளையில் கண்ணில் பட்டவனையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் அடித்தது. கடற்கரையிலோ பழிக்கு ஆள் திரட்டுகிறார்கள் என்று பேச்சு.

தேரிக்குள் வெள்ளத்துரைக்குச் சோறு கொண்டுபோனவன் ராஜதுரை. போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினான். என்ன பேசினானோ தெரியாது. ஒரு நாள் வெள்ளத்துரைக்குத் தன் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் கோர்ட்டில் சரணடைய வைத்தான். மற்றவர்களும் ஒவ்வொருத்தராய்ச் சரணடைந்தார்கள். அந்தப் பக்கமும் முத்துமணியை வெட்டியவர்கள் பிடிபட்டார்கள். பழிக்குப் பழி அதோடு நின்றது. வெள்ளத்துரைக்கு ஆயுள் தண்டனை.

சண்முகத்தாயின் அம்மா மகனைப் பற்றியே புலம்பிப் புலம்பி, அவன் வெளியே வருவதற்குள் செத்துப்போனாள். வெள்ளத்துரை பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து நெஞ்சுச்சளியும் எலும்புமாகத் திரும்பிவந்து, ஒரு வருஷம்கூட முழுசாய் இருக்கவில்லை. அக்காள் மடியில்தான் உயிர் போனது. புருஷனை இழந்தது ஒரு கூட்டத்தால். தம்பியை இழந்தது வீட்டு மனுஷனால். சண்முகத்தாய் மனசில் இப்படித்தான் எழுதிக்கொண்டாள்.

வெள்ளத்துரை ஜெயிலுக்குப் போனதுமே அவள் மகளைத் தூக்கிக்கொண்டு ஏரலுக்கு வந்துவிட்டாள். பஜாரை ஒட்டி ஒரு சின்ன இடம் பிடித்து, கருப்பட்டியும் சுக்கும் மல்லியும் போட்டு வியாபாரம் செய்தாள். பின்னால் கடையும் வீடுமாக அவளுக்கு அங்கேயே அமைந்துவிட்டது.

ராஜதுரை என்ன ஆனான் என்பது கடைக்கு வருகிற ஆட்கள் வாய்வழியாக அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்றாலும் கேட்டது.

ஒரு நாள் அவன் கஸ்பார் வீட்டைத் தேடிச் சூசையப்பர்துறைக்குத் தனியாகச் சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறான். ஊருக்குள் நுழைவதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருத்தன் செவிட்டில் அறைந்தான். மணலில் விழுந்தவன் எழுந்து நின்று, "அடிச்சு முடிச்சப்பொறவு பேசுதேன்," என்றானாம். விக்டோரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எம்புருசனத் தூக்கிவிட்ட கை இது. இதுல எவனாவது கை வச்சியோ," என்று கத்தியபிறகுதான் விட்டார்கள். அன்று அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தான். அதைக் கேட்டு கருக்குவிளையில் அவனோடு பல பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு அவன் வாழ்க்கை அப்படியே போய்விட்டது. பகலில் தோணி வேலை. மற்ற நேரமெல்லாம் ஊரார் காரியம். ரத்தம் வேண்டுமென்றால் ராஜதுரை. ஆஸ்பத்திரியில் கேட்பாரில்லாமல் கிடக்கிற உடம்பை அடக்கம் செய்ய ராஜதுரை. கடல் கொண்டுவந்து ஒதுக்குகிற பிணங்களை, இன்ன சாதி இன்ன மதம் என்று தெரியாதபோது, இவனே ஒரு பூமாலை போட்டு மண் தள்ளுவான். சுனாமி வந்த வருஷம் கரையோரமாக நடந்தே போனதில் காலெல்லாம் புண்ணாகி, ஒரு மாசம் செருப்புப் போட முடியாமல் திரிந்தான். பெண் பேசிப்போன இடங்களில், "பொணம் தூக்குதவனுக்கு யாரு பிள்ள குடுப்பா," என்றார்கள். ரெண்டு சம்பந்தம் பாதியில் நின்றது. பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை கருக்குவிளை அம்மன் கோயில் கொடை. சப்பரம் விலக்குவரைக்கும் போய்த் திரும்பும். எப்போதும் அங்கேதான் வம்பு தொடங்கும். ராஜதுரை இரண்டு ஊரிலும் கொஞ்சம் பேரைச் சேர்த்து, கொடையன்று விலக்குப் பாலத்துக் கட்டையில் கொண்டுபோய் உட்காரவைப்பான். அவ்வளவுதான். கோஷம் கிடையாது, பேனர் கிடையாது. சப்பரம் வந்து திரும்பும்வரை உட்கார்ந்திருப்பார்கள். விக்டோரியா கடற்கரைப் பெண்களோடு வந்து உட்காருவாள். ஒரு வருஷம் எங்கிருந்தோ கல் பறந்துவந்து ராஜதுரையின் இடது கண்ணில் பட்டது. வழிகிற ரத்தத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு, சப்பரம் திரும்பியபிறகுதான் எழுந்தான். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. கல் எந்த ஊர்க்காரன் எறிந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. தனக்குத் தெரிந்திருந்தாலும் அவன் சொல்லியிருக்கமாட்டான்.

அதன்பிறகு இரண்டு ஊரிலும் ஒரு கொலை விழவில்லை. அதற்காக ஒட்டும் உறவும் வந்துவிடவும் இல்லை. கருக்குவிளைக்காரன் ஒரு டீக்கடைக்குப் போனால் சூசையப்பர்துறைக்காரன் அடுத்த டீக்கடைக்குப் போனான். வெட்டுக்குத்து இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. ராஜதுரையின் முப்பது வருஷப் பாடு அந்த ஒன்றுக்குத்தான் ஆனது.

செல்வலட்சுமி கல்யாணத்துக்கு ராஜதுரை வந்தார். தலை அதற்குள் நரைத்துப்போயிருந்தது. அழைப்பு மகள் வைத்தது, சண்முகத்தாய் வைக்கவில்லை. மண்டபத்தில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா முறைக்கு மேடைக்குக் கூப்பிட வேண்டிய சடங்கு ஒன்று இருந்தது. சண்முகத்தாய் ஒரு தூரத்துப் பங்காளியைக் கூப்பிட்டுச் செய்யவைத்தாள். அவர் பந்தியில் சாப்பிட்டார். பொண்ணு மாப்பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அந்த டிசம்பர் மழை வந்தது.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தாமிரபரணி கரையை உடைத்து ஏரலுக்குள் வந்தது. முதலில் கடைப் படியில் தண்ணீர் நின்றது. கருப்பட்டிச் சிப்பங்களை மேலே ஏற்றலாம் என்று சண்முகத்தாய் குனிந்து நிமிர்வதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. மாடிப்படி ஏறித் திரும்பிப் பார்த்தபோது கடைக்குள்ளிருந்து சாக்குகள் மிதந்து வெளியே போய்க்கொண்டிருந்தன. மொட்டைமாடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். போன் இல்லை, கரண்ட் இல்லை, கிழக்கே மேற்கே எங்கும் செந்தண்ணீர். மகளும் மருமகனும் கோயம்புத்தூரில். பக்கத்து மாடியில் ஒரு வயசான தம்பதி கையைக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இடையில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

மறுநாள் பொழுது விடிந்து வெகுநேரம் கழித்து மோட்டார் சத்தம் கேட்டது. கடலில் ஓட வேண்டிய ஃபைபர் படகு பஜாருக்குள் வந்துகொண்டிருந்தது. மீன்பிடி ஊர்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தார்கள். பின்னால் நின்று ஓட்டியவன் கறுத்து நெடுத்த ஒரு முப்பது வயசுக்காரன். முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நனைந்துபோய் நின்றவர் ராஜதுரை.

படகு அவள் மாடிச் சுவரை உரசி நின்றது.

"மயினி, எறங்குங்க."

அத்தனை வருஷம் கழித்து அந்தக் குரல். சண்முகத்தாய் அந்தப் படகோட்டியையே பார்த்தாள். ராஜதுரையோடு நிற்பதைக் கண்டதுமே, கடைக்கு வருகிறவர்கள் சொல்லிக் கேட்டவன்தான் என்று தெரிந்துவிட்டது. ராஜதுரை போகிற இடமெல்லாம் கூடப் போகிறவன். தண்ணீரில் விழுந்த உடம்புகளை முங்கி எடுத்துக்கொடுக்கிறவன். சங்கு குளிக்கிற தொழில்காரன். பேர் கிளைட்டன். விக்டோரியாவின் இடுப்பில் இருந்த அந்தக் கைப்பிள்ளை.

"வேற படகு வரட்டும்," என்றாள்.

"வேற படகு இல்லம்மா," என்றான் கிளைட்டன். "இருக்குறதெல்லாம் ஆத்தோரம் நிக்கி. இந்தத் தெருவுக்கு நாங்கதான்."

"நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

ராஜதுரை ஒற்றைக் கண்ணால் அவளை நிமிர்ந்து பார்த்தார். "மயினி, எம்மேல உள்ள கோவத்தத் தண்ணி வடிஞ்சப்பொறவு வச்சுக்கிடுங்க. சுவரு விண்டு நிக்கி, பாக்கலியா?"

அவள் குனிந்து பார்த்தாள். உண்மைதான். மூலைச் சுவர் கையை விடலாம்போல விண்டிருந்தது. கிளைட்டன் கையை நீட்டினான். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி மரத்துப்போன கை. அதைப் பிடித்து இறங்கினாள். அந்தக் கை அவளைத் தாங்கியபோது, தன் தம்பி போய் வெட்டிய கஸ்பாரின் பிள்ளை கை இது என்ற நினைப்பு வந்தது. கிளைட்டனுக்கும் அது வந்திருக்கும். அவன் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "பலகையில உக்காருங்கம்மா," என்று மட்டும் சொன்னான்.

பக்கத்து மாடியில் தம்பதியை ஏற்றியபோது படகு நிறைந்துவிட்டது. அடுத்த வீட்டில் பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி நின்றாள். ராஜதுரை படகிலிருந்து இறங்கி அந்த வீட்டுப் படியில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அவளைத் தூக்கி ஏற்றிவிட்டார்.

"நீங்க ஏறுங்க அண்ணாச்சி," என்றான் கிளைட்டன்.

"ஏறுனா முங்கிரும்லே. கொண்டுபோயி விட்டுட்டு வா. நான் இங்கனதான நிக்கேன்."

படகு திரும்பியது. சண்முகத்தாய் திரும்பிப் பார்த்தாள். சாக்கடையும் செத்த ஆடும் கோழியும் மிதந்து வந்த அந்தத் தண்ணீரில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். கூப்பிட வேண்டும்போல் இருந்தது. கூப்பிடவில்லை. கிளைட்டனின் படகு இழுப்பில் மாட்டி, டீசல் தேடி, மறுபடி அவரிடம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. அவர் அதுவரை தண்ணீரில்தான் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகும் சில நாள் சோற்றுப் பொட்டலங்களைத் தலையில் வைத்துக்கொண்டு அதே தண்ணீரில் நடந்திருக்கிறார்.

தண்ணீர் வடிந்தது. ஏரலே சகதியாகக் கிடந்தது. சண்முகத்தாய் கடைக்குள் மண்வெட்டியோடு நின்றபோது மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, சித்தப்பாவத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில சேத்துருக்காவளாம். எலிக்காய்ச்சல்னு சொல்லுதாவ. கிட்னி போயிட்டாம். கிளைட்டன்தான் போன் பண்ணுனான். நான் கெளம்பி வாரதுக்குள்ள நீ போயிப் பாத்துரும்மா."

சண்முகத்தாய் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனாள். பாலம் உடைந்துகிடந்ததால் பஸ் சுற்றிச் சுற்றிப் போனது. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலை, கழுத்தில் ஜெபமாலை. விக்டோரியா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டே கிழவிகளாகிவிட்டார்கள். பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல்தடவை. விக்டோரியா எழுந்து, "உக்காருங்கக்கா," என்று ஸ்டூலை நகர்த்திவைத்துவிட்டு வெளியே போனாள்.

ராஜதுரையின் கண் மஞ்சளாக இருந்தது. முகம் ஊதியிருந்தது.

"வீட்டுல சகதியெல்லாம் அள்ளியாச்சா மயினி?" என்றார்.

"அள்ளிட்டே இருக்கேன்." கஞ்சியை ஆற்றினாள். பிறகு கரண்டியை வாளிக்குள்ளேயே வைத்தாள். "நான் ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னிக்கு வேப்பமரத்தடியில வேன நிப்பாட்டுனியளே. வீட்டுல ஒருத்தி காத்துக்கெடக்கான்னு தோணலியா?"

எதிர்க்கட்டில்காரர் இருமி முடித்தார்.

"அவ தனியா நின்னா மயினி."

"நானுந்தான் தனியா இருந்தேன்."

"ஒங்களுக்கு ஊரே இருந்துச்சேன்னு நெனச்சேன்."

"ஊரா?" என்றாள் சண்முகத்தாய். சத்தம் போடவில்லை. "அருவாளத் தூக்கிட்டுப் போன ஊரு. எந்தம்பியையும் கூட்டிட்டுப் போன ஊரு. அன்னிக்கு எனக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தருதான்."

ராஜதுரை கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்கு வெளியே தண்ணீர் வந்தது.

"ஆமா மயினி," என்றார். "அது எனக்குத் தோணல."

இத்தனை வருஷமும் அவள் எதிர்பார்த்தது ஏதோ ஒரு விளக்கத்தை, ஏதோ ஒரு நியாயத்தை. அதை அவர் சொல்லியிருந்தால் பதிலுக்குத் திட்டுவதற்கு அவளிடம் நிறையச் சொல் இருந்தது. இந்த 'ஆமா'வுக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கரண்டியை எடுத்து ரெண்டு வாய் கஞ்சி கொடுத்தாள். மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அடுத்த ரெண்டொரு நாளில் அவர் போய்விட்டார்.

கருக்குவிளைக்குக் கொண்டுபோனார்கள். ஊராளை ஜெயிலுக்கு அனுப்பினவன் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் வந்து நின்றார்கள். சூசையப்பர்துறையிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள். அவர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். நடுவில் அவர். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை. ஒரு பங்காளி வைத்தார். பதினாறாம் நாள் விசேஷத்தை சண்முகத்தாய்தான் முன்னின்று நடத்தினாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவளாகவே சோறாக்கிப் படைத்தாள். அதே நாளில் சூசையப்பர்துறைக் கோயிலில் அவருக்காகப் பூசை வைத்ததாகக் கேள்விப்பட்டாள்.

தூத்துக்குடியில் ஒரு மண்டபத்தில் நினைவேந்தல் கூட்டம் போட்டார்கள். அரசியல்காரர்கள், வியாபாரிகள், ஃபாதர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. அவர் எத்தனை பேருக்கு உயிர் கொடுத்தார், எத்தனை பேரைக் கௌரவமாக வழியனுப்பினார் என்று ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். படத்துக்கு மாலை மேல் மாலை விழுந்தது. கடைசியில், குடும்பத்திலிருந்து ஒரு வார்த்தை பேசட்டும் என்று சண்முகத்தாயை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் அதற்கு முன் மைக்கைக் கையில் தொட்டவள் இல்லை.

"நல்ல மனுசன்தான்," என்றாள். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டதில் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டுத் தொடர்ந்தாள். "நீங்க சொன்னதெல்லாம் உள்ளதுதான். ஊருல உள்ள எல்லாருக்கும் அவிய ஓடுனாவ. எங்களுக்குக் கெடைக்கல. எனக்கும் எம்மவளுக்கும் அவிய கெடைக்கவே இல்ல. நானும் வாங்கன்னு சொல்லல. இப்ப சொல்லணும்போல இருக்கு. ஆளு இல்ல."

மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் மண்டபம் சும்மா இருந்தது. முன்வரிசையில் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டார். அடுத்துப் பேச வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனிதநேயம் என்று தொடங்கினார்.

கிளைட்டன் பைக்கில் அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டான். பஸ் வருவதற்காக நின்றபோது அவன் சொன்னான்:

"எங்கூருப் பயலுவ ரெண்டு பேரு அருவாளோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிருக்கானுவம்மா. உங்கூருப் பயலுவளும் பதிலுக்கு வைக்கானுவ. எல்லாம் அன்னிக்குப் பொறக்காத பயலுவ. அண்ணாச்சி இருந்தா வீட்டுக்கே போயிப் பேசுவாரு. நான் போனா சிரிக்கானுவ."

"கொடைக்கு என்ன செய்வியோ?"

"தெரியல. வாரவியளே கொறஞ்சுட்டாவ. கருக்குவிளையில இருந்து வாரதுக்கு ஒருத்தருமே இல்ல."

அவன் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தன்னைத்தான் வரச் சொல்கிறான் என்று அவளுக்கும் விளங்கியது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

கொடை நாள் வந்தது. சித்திரை வெயில். சண்முகத்தாய் காலையிலேயே குளித்து, நல்ல சேலை உடுத்தி, ஏரல் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். திருச்செந்தூர் பஸ் வந்தது. கண்டக்டர், "ஏறுங்கம்மா," என்றார். வெள்ளத்துரையின் முகம் நினைவுக்கு வந்தது; கடைசி நாட்களில் அவன் மூச்சு விட்ட சத்தம் வந்தது. கூடவே அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலும் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் எடுத்துவிட்டாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போனது. கடைக்காரர்கள் கடைவாசலில் நின்று அவளைப் பார்த்தார்கள். வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்து சேலையை மாற்றினாள்.

சாயங்காலம் அவளே கிளைட்டனுக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணும் நடக்கலம்மா," என்றான். "ரெண்டு வண்டி போலீசு நின்னுச்சு. சப்பரம் திரும்பிட்டு. கொஞ்சம் கெட்ட வார்த்த, அவ்வளவுதான்."

"பாலத்துல யாரு இருந்தா?"

"யாருமில்ல. எங்கம்மா மட்டும் கொஞ்ச நேரம் போயி இருந்தாவ. வெயிலுல மயக்கமா வருதுன்னாவ. கூட்டிட்டு வந்துட்டேன்."

"இப்ப எப்படி இருக்காவ?"

"படுத்திருக்காவ. குடுக்கட்டா?"

சண்முகத்தாய் போனை மறுகாதுக்கு மாற்றினாள். "தூங்கட்டும், எழுப்பாத," என்றாள். போனை வைத்துவிட்டுக் கடைக்குள் வந்தாள். வெள்ளம் நின்ற கறை சுவரில் ஆள் உயரத்துக்கு இருந்தது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் ஊறி வெளியே வந்துகொண்டே இருக்கிறது. யாரோ வந்து ஒரு கருப்பட்டி கேட்டார்கள். எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தாள்.